வேலை செய்யுது, ஆனா உதவாது

ஒரு சொப்ட்வெயாரைக் காசு கொடுத்து வாங்கிய சங்கமோ கடையோ ஆறு மாதத்தில் திரும்பவும் கொப்பியில் எழுதத் தொடங்கினால், நம் ஆட்கள் உடனே சொல்வது "அவைக்குக் கொம்பியூட்டர் விளங்காது" என்பதுதான். எழுதிக் கொடுத்த பெடியன்களும் அதைத்தான் சொல்வார்கள், வாங்கக் கையெழுத்து வைத்த நிர்வாகமும் அதைத்தான் சொல்லும். நான் மென்பொருள் பரிசோதிக்கிற வேலையில் சில வருடமாக இருக்கிறேன், யாழ்ப்பாணத்துக்குள்ளேயே, பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களுக்கு. நான் பார்த்தவரைக்கும் கொப்பிக்குத் திரும்பிப் போகிறவர் நன்றாக யோசித்துத்தான் போகிறார். நாங்கள் அரைகுறையாக விட்ட பரிசோதனையை அவர் தன்ர மேசையில் இருந்து முடித்திருக்கிறார், அவ்வளவுதான். முடிவும் எழுதிவிட்டார்: உதவாது.

ஒரு மென்பொருளில் இருக்கிற வசதிகள் அதைப் பாவிக்கிறவரின் தேவைக்குப் பொருந்துகிறதா, கேட்ட தரத்தில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். கொஞ்சம் நீளும், தேத்தண்ணியோடு இருங்கள்.

அண்மையில் பார்த்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். வலிகாமம் பக்கம் ஒரு சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம். பெயர் வேண்டாம். அங்கத்தவர்கள் சேமிப்புப் போடுவார்கள், கடன் எடுப்பார்கள், மாதா மாதம் தவணை கட்டுவார்கள். இதற்கு ஒரு கொம்பனி மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தது. கடைசிக் கொடுப்பனவுக்கு முன் ஒருக்கால் பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கையில் ஒரு அட்டவணை தந்தார்கள். இடப்பக்கம் சங்கம் கேட்டவை, வலப்பக்கம் சரி அடையாளம். அங்கத்தவர் பதிவு, சரி. தவணை அறவிடல், சரி. வட்டிக் கணிப்பு, சரி. பெயரால் தேடல், சரி. தமிழில் குறுஞ்செய்தி, சரி. ஒரு இடமும் வெறுமையாக இல்லை. கொம்பனியின் சொந்தப் பரிசோதனை அறிக்கையும் முழுக்கப் பச்சை.

காசாளர் அக்காவிடம் எப்படி இருக்கு என்று கேட்டேன். "எல்லாம் இருக்குத் தம்பி. ஒண்டும் இல்லை எண்டு சொல்லேலாது. ஆனா எனக்கு உதவாது" என்றா. அட்டவணையும் பொய் சொல்லவில்லை, அக்காவும் பொய் சொல்லவில்லை. கலியாண வீட்டுச் சாமான் துண்டில் எல்லாவற்றுக்கும் புள்ளடி போட்டாயிற்று என்பதால் சமையல் நன்றாக வந்தது என்று ஆகாது, அந்த மாதிரி.

இந்த இடைவெளிக்கு உலகத் தரநிலையிலேயே இடம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 25010 என்று ஒன்று. 1991இல் வந்த ஐஎஸ்ஓ 9126இன் வழிவந்தது, 2011இல் வெளியாகி 2023இல் திருத்தப்பட்டது. மென்பொருளின் தரத்தைப் பல குணங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: வேகம், நம்பகம், பாதுகாப்பு, பராமரிக்க இலகு, இப்படி. 2011இல் எட்டு, 2023இல் ஒன்பது. முதலாவதாக நிற்கிற குணம் செயற்பாட்டுப் பொருத்தம். அதற்குள் மூன்று கேள்வி. வேண்டிய வேலைகள் எல்லாவற்றுக்கும் வசதி இருக்கிறதா? அந்த வசதி தருகிற விடை சரியா? அந்த வசதி, செய்ய வந்த வேலையைச் செய்து முடிக்க உண்மையில் உதவுகிறதா? முதல் இரண்டையும் ஒபிஸில் இருந்தபடியே பார்க்கலாம், அதனால் எல்லோரும் பார்க்கிறார்கள். மூன்றாவதற்கு எழும்பி அந்த மேசைக்குப் போகவேண்டும், அதனால் அது அப்படியே நிற்கும். பாரி போம் என்ற அமெரிக்க மென்பொருள் பொறியியலாளர் இதையே இரண்டு கேள்வியாக வைத்தது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்: பொருளைச் சரியாகக் கட்டுகிறோமா, சரியான பொருளைக் கட்டுகிறோமா. பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்துபோகிற கேள்விகள்.

சரி, அக்காவின் மேசைக்குப் போவோம்.

ஒரு அங்கத்தவர் வருகிறார். மீதிக் கடன் 45,837 ரூபா. மாத வட்டி நூற்றுக்கு ஒன்று. ஆக வட்டி 458 ரூபா 37 சதம், கடன் முதலில் கழிக்க 2,500, மொத்தம் 2,958 ரூபா 37 சதம். மென்பொருள் கணித்தது இதுதான், சதத்துக்குச் சதம் சரி. நான் கல்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், எக்செலிலும் பார்த்தேன். பிழை இல்லை. இப்போது அந்த மனிசன் 37 சதத்துக்கு எங்கே போவார்? சதக் காசைக் கண்ணால் கண்டு எவ்வளவு காலம். அவர் 3,000 நீட்டுகிறார், அக்கா நாற்பது ரூபா மிச்சம் கொடுக்கிறா, ஆக 2,960 வாங்கியாயிற்று. திரையில் தொகைப் பெட்டி பூட்டிக் கிடக்கிறது, மென்பொருள் கணித்ததை யாரும் மாற்றக்கூடாது என்று. பற்றுச்சீட்டில் 2,958.37 என்றே அடிக்கும். அதே தொகை கட்ட வந்த அடுத்தவர் எட்டு ரூபாவைச் சில்லறையாகவே எண்ணிக் கொடுத்து 2,958 கட்டுகிறார், அவரிடம் 37 சதம் குறைவு. பின்னேரம் காசை எண்ணினால் மென்பொருள் சொல்கிற தொகையோடு ஒரு நாளும் ஒத்துவராது. ஒரு நாள் இருபது முப்பது ரூபா கூட, ஒரு நாள் கொஞ்சம் குறைய.

அக்கா என்ன செய்கிறா? விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொப்பி. ஒவ்வொருவரிடமும் உண்மையில் வாங்கியது அதில் இருக்கிறது, பென்சிலால். சங்கத்தின் உண்மையான காசேடு அந்தக் கொப்பிதான். பல லட்சம் கொடுத்து வாங்கியது அதற்கு ஒரு துணைப் பொருள்.

இந்தக் கொப்பியைக் கண்ட உடனே என் வேலை பாதி முடிந்துவிட்டது. எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற மஞ்சள் துண்டு, மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகிய தாள், லாச்சிக்குள் இருக்கிற தனிக் கொப்பி, யாரோ பக்கத்தில் திறந்து வைத்திருக்கிற எக்செல். மென்பொருள் செய்யாமல் விட்ட வேலைகளின் பட்டியல் அங்கே இருக்கும், பாவனையாளரின் சொந்தக் கையெழுத்தில். என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற எந்தத் தேவை ஆவணத்திலும் இவ்வளவு நேர்மையான பட்டியல் கிடைக்காது.

திருத்தம் சின்னது. பெட்டியைத் திறந்து விட்டு, வாங்கிய தொகையை அடிக்க விட்டு, கூடக் குறையை அந்த அங்கத்தவரின் அடுத்த தவணைக்குக் கொண்டுபோக வேண்டும். எழுதுகிற பெடியனுக்கு ஒரு பின்னேர வேலை. ஆனால் அவனுக்கு இது பிழை என்றே தெரியாது, ஏனென்றால் அவனுடைய கணக்கு சரி.

காசுப் பெட்டியும் கணனியும் ஒத்துவராததைச் சில்லறை விஷயம் என்று நினைக்கிறவர்கள் பிரித்தானியத் தபால் கந்தோர்களின் ஹொரைசன் கதையைப் படித்துப் பார்க்கலாம். 1999இலிருந்து கிளைகளில் போட்ட கணக்கு மென்பொருள் அது. இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டியது. பற்றாக்குறை வந்தால் கிளையை நடத்துகிறவர் தன் கைக்காசைப் போடவேண்டும் என்று தபால் நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டிச் சொன்னது. போட்டார்கள், வீட்டை ஈடு வைத்தார்கள், 2015 வரையில் 900க்கும் மேற்பட்டவர்கள் களவு, கணக்கு மோசடி என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள், சிலர் மறியலுக்கும் போனார்கள். 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றை நீக்க முடிந்தது. ஆளையும் கணனியையும் வைத்து யாரை நம்புவது என்று வந்தபோது கணனியை நம்பினார்கள். நம் சங்கத்தில் நல்ல காலமாக அக்காவை நம்புகிறார்கள். அடுத்த நிர்வாகம் நம்புமா என்று தெரியாது, அதனால்தான் அந்தப் பென்சில் கொப்பியை அவ கவனமாக வைத்திருக்கிறா.

பாதித் தவணை கட்ட வருகிறவர் விஷயமும் இதே இனம். தோட்டம் செய்கிற ஆட்கள், வெங்காயம் விற்றால் முழுதாகக் கட்டுவார்கள், மழை அடித்தால் ஆயிரம் ரூபாவோடு வருவார்கள். மென்பொருள் முழுத் தவணை இல்லாமல் ஏற்காது. நீண்டு எழுத ஒன்றும் இல்லை, அந்த ஆயிரமும் கொப்பிக்குத்தான் போகிறது.

பெயரால் தேடுவதற்கு வருகிறேன், இது எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நின்று போகிறேன்.

அட்டவணையில் "பெயரால் தேடல், சரி" என்று இருந்தது. கொம்பனியின் பரிசோதனைத் தரவைப் பார்த்தேன். குமார், ரவி, அப்புறம் "டெஸ்ட் ஒன்று". எல்லாம் தேடினால் நல்லாய் வருகிறது. சங்கத்தின் உண்மையான பட்டியலைப் போட்டுத் தேடச் சொன்னேன். கோபாலன் என்று அடித்தால் சில கோபாலன்கள் வருகிறார்கள், சிலர் வரவில்லை. திரையில் எல்லாக் கோபாலனும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது.

காரணம் இதுதான். சங்கத்தின் பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டியது. இங்கே அச்சகம், பள்ளிக்கூடம், கந்தோர் என்று ஒரு தலைமுறையே பாமினியில்தான் தட்டியது. பாமினியில் கணனிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாக வரைந்து காட்டும். அதை யுனிகோடுக்கு, அதாவது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு வைத்திருக்கிற பொது முறைக்கு, மாற்றித்தான் புதுத் தரவுத்தளத்தில் ஏற்றியிருந்தார்கள். யுனிகோடில் கோ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். அல்லது இரட்டைக் கொம்பை (ே) ஒன்றாகவும் அரவை (ா) இன்னொன்றாகவும் போடலாம். இரண்டும் சமம் என்றே யுனிகோட் சொல்கிறது, ஆனால் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது எழுதுகிறவரின் பொறுப்பு. அதைச் செய்யாவிட்டால் கணனிக்கு அவை இரண்டு வேறு பெயர். மாற்றிய பட்டியலில் ஒரு விதம், புதிதாகத் தட்டியதில் மற்ற விதம். கோபாலன் பாதி காணாமல் போனது இதனால்.

கௌரி இன்னும் மோசம். ஔகாரக் குறியின் பின்பாதி பார்ப்பதற்கு ள மாதிரியே இருப்பதால், கொம்பும் ளகரமுமாகத் தட்டியவர்கள் ஏராளம். இதை யுனிகோட் சமம் என்று சொல்லாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. ஸ்ரீயும் அப்படித்தான். ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யுனிகோட் 4.1இல் தனியாகச் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணனிக்கு இரண்டு. ஸ்ரீஸ்கந்தராசா என்று ஒருவர் இருந்தால் இரண்டு விதமாகவும், சிறிஸ்கந்தராசா என்றும் தேடிப் பார்க்காமல் தமிழ்த் தேடல் வேலை செய்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம். தமிழ்நாட்டிலும் கொழும்பிலும் தமிழ் மென்பொருள் செய்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: உங்கள் பரிசோதனைத் தரவில் கௌரி, ஸ்ரீ, கோபாலன் மூவரும் இல்லையென்றால் நீங்கள் தமிழைப் பரிசோதிக்கவில்லை.

இவ்வளவையும் திருத்தினாலும் அக்காவுக்கு அரைவாசிதான் உதவும் என்பது இன்னொரு கதை. அவ பெயரால் தேடுவதே குறைவு. ஊரில் சிவபாலன் என்று நாலைந்து பேர். "கிணத்தடிச் சிவபாலன்ர மூத்தவர்" என்றுதான் அவவுக்கு ஆளைத் தெரியும். கொப்பியில் அடைப்புக்குறிக்குள் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறா. தகப்பன் பெயரையும் ஒழுங்கையையும் சேர்த்துத் தேட ஒரு வழி விட்டால் அதுதான் பொருத்தம். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி போட்டு வைத்திருந்தார்கள். எங்கட ஆட்களுக்கு ஏது குடும்பப்பெயர். எங்கேயோ வெளிநாட்டு மாதிரியிலிருந்து எடுத்த திரை அது, ஒவ்வொரு பதிவிலும் எந்தப் பெட்டியில் எதைப் போடுவது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவெடுத்திருக்கிறார்கள்.

அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். இரண்டும் புழக்கத்தில். இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது, பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருக்கும். மென்பொருள் அதிலிருந்து பிறந்த திகதியைத் தானாகவே எடுக்கிறது, நல்ல வசதி. ஆனால் அந்த நாள் எண்ணிக்கையில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாளாகவே எண்ணப்படும். 1975 மார்ச் 1இல் பிறந்தவருக்கு 061. சாதாரண நாட்காட்டிக் கணக்கில் 1975இன் 61ஆவது நாள் மார்ச் 2. ஆக லீப் அல்லாத ஆண்டில் பெப்ரவரிக்குப் பின் பிறந்த எல்லோருக்கும் இந்த மென்பொருள் ஒரு நாள் பிந்திய பிறந்தநாளைக் கொடுத்திருந்தது. ஒரு நாள்தானே என்றார்கள். கடனுக்கு வயதெல்லை வைத்திருக்கிறவர்கள் அப்படிச் சொல்லக்கூடாது. அதைவிடப் பெரியது, பழைய அட்டைக்காரர் புது அட்டை எடுத்தால் இலக்கம் பழையதிலிருந்தே உருவாகிறது: முன்னால் 19, நடுவில் ஒரு பூச்சியம், கடைசி எழுத்து போய்விடும். ஒரே ஆள். மென்பொருளுக்கு இரண்டு ஆள். ஒருவர் இத்தனை கடனுக்குத்தான் பிணை நிற்கலாம் என்று சங்க விதி இருக்கிறது, மென்பொருள் அதைக் கறாராகப் பார்க்கிறது, ஆனால் இரண்டு இலக்கத்தில் பதிந்தவர் இரட்டிப்பாகப் பிணை நிற்கலாம். விதியைச் செயற்படுத்துகிற வசதி சரி, ஆளை அடையாளம் காண்கிற வசதி பிழை, கூட்டினால் விதியே இல்லை.

இனி எதிர்ப்பக்கம், தேவையில்லாத வசதி. பட்டியலில் எவ்வளவு கூட இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். 1996 ஜூன் 4இல் ஏரியான் 5 ரொக்கெட் ஏவி நாற்பது செக்கனுக்குள் வெடித்தது. முந்தைய ஏரியான் 4இல் நன்றாக வேலை செய்த மென்பொருளின் ஒரு பகுதியை அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். புது ரொக்கெட்டின் பாதை வேறு, கிடைவேகம் தொடர்பான ஒரு எண் அந்த மென்பொருள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தது. 64 பிற் (bit) எண்ணை 16 பிற் இடத்துக்குள் திணிக்கப் போய் வழிகாட்டும் அமைப்பே நின்றுவிட்டது. இதுவரை பலருக்குத் தெரியும். எனக்கு நெஞ்சில் நிற்பது விசாரணை அறிக்கை சொன்ன அடுத்த விஷயம்: அந்தக் கணிப்புப் பகுதிக்கு ஏரியான் 5இல் தரையை விட்டு எழும்பின பிறகு எந்த வேலையும் இல்லை. தேவையே இல்லாத வசதி ஒன்று, முன்பு இருந்தது என்பதற்காக ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் திரையிலும் அப்படி ஒரு வரிசை பட்டன் இருக்கிறது, வேறு யாருக்கோ எழுதிய மென்பொருளிலிருந்து வந்தவை. அதில் ஒன்று "வட்டி மீள்கணிப்பு". யாரும் கேட்கவில்லை. கை தவறிப் பட்டால் எல்லோருடைய வட்டியும் மாறும். பரிசோதனை அறிக்கையில் அதற்கும் பச்சை.

பாவனையாளர் என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்பதும் சிக்கல். எனக்குத் தெரிந்த பெடியன் ஒருவன் சந்தை வியாபாரி ஒருவருக்குப் பில் அடிக்கிற செயலி எழுதினான். திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் என்று எங்கள் சந்தைகளில் மரக்கறி கொண்டுவருகிற விவசாயிகளிடம் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழிவென்று கழிப்பது நெடுநாள் பிணக்கு. வியாபாரி கேட்டது: நிறையை அடித்தவுடன் பத்து வீதம் தானாகக் கழிய வேண்டும், பில்லில் கழித்த நிறை மட்டும் வரவேண்டும். செயலி அதைப் பிசகாமல் செய்கிறது. காசு கொடுத்தவரின் தேவைக்கு நூற்றுக்கு நூறு. அந்தப் பில்லைக் கையில் வாங்கிக்கொண்டு போகிற விவசாயிக்கு, தன்ர வெண்டிக்காய் எவ்வளவு நிறுத்தது என்பதே அதில் இல்லை. தரநிலையிலும் மென்பொருளைத் தொடாமலே அதன் விளைவைப் பாவிக்கிறவர் என்று ஒரு வகை சொல்லப்பட்டிருக்கிறது. பில்லை வாசிக்கிறவரும் பாவனையாளர்தான் என்று அவனிடம் சொன்னேன். "அண்ணை, காசு தாறது அவர்தானே" என்றான். அதுவும் நியாயம். ஆனாலும் மொத்த நிறை, கழிவு, மிச்சம் என்று மூன்று வரி அடிக்க அவனுக்கு என்ன கஷ்டம்? கஷ்டம் இல்லை, மனமில்லை.

தர எதிர்பார்ப்புகளுக்கு வந்தால், சங்கத்தின் ஆவணத்தில் "வேகமாக இயங்க வேண்டும், நம்பகமாக இருக்க வேண்டும், பாவிக்க இலகுவாக இருக்க வேண்டும்" என்று மூன்று வரி. இவற்றை யாரும் பரிசோதிக்க முடியாது. யாரும் தோற்கவும் முடியாது, அதனால்தான் கொம்பனிகள் சந்தோசமாகக் கையெழுத்து வைக்கின்றன. இலக்கம் வேண்டும், நிலைமையும் வேண்டும். மாதம் 10ந் திகதி காலையில் சனம் நிறைய வரும், மூன்று மேசையிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும், அப்போது ஒருவரின் கணக்கு இரண்டு செக்கனுக்குள் திறக்க வேண்டும். இப்படி எழுதினால் மணிக்கூட்டை வைத்துப் பார்க்கலாம்.

நம்பகத்துக்கு நான் செய்தது பிளக்கை இழுத்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில், கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று ஒரு வரி அந்த ஆவணத்தில் இல்லை. சங்கத்தின் யுபிஎஸ் பற்றரி செத்துக் கனகாலம். தவணையை அடித்து, சேமிக்கிற பட்டனை அழுத்தி, பற்றுச்சீட்டு பிரிண்டரில் பாதி வந்தவுடன் இழுத்தேன். கொம்பனிப் பெடியனுக்கு முகம் போன போக்கைப் பார்க்கவேணும். திரும்ப ஏற்றியபோது திரை வெறுமை, புதுப் பதிவுக்குத் தயார். பற்றுச்சீட்டு இல்லை என்பதால் யாராக இருந்தாலும் திரும்ப அடிப்பார்கள், அக்காவும் அடித்தா. ஆனால் முதல் பதிவு உள்ளே போய் இருந்தது. ஒரு தவணை, இரண்டு பதிவு. பின்னேரம் ஒரு தவணைக் காசு துண்டு விழும், யார் பொறுப்பு? திறக்கும்போதே "கடைசிப் பதிவு சேமிக்கப்பட்டது, பற்றுச்சீட்டு அச்சாகவில்லை" என்று அந்தப் பதிவைக் காட்டினால் முடிந்தது.

குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதுவும் நாம் எண்ணுகிற எழுத்தல்ல: க் என்றால் இரண்டு, கொ என்றாலும் இரண்டு. 70ஐத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், ஒரு துண்டில் 67தான், ஒவ்வொரு துண்டுக்கும் காசு. "அன்பார்ந்த அங்கத்தவர் அவர்களுக்கு" என்று தொடங்கிய அந்த மரியாதைக் கடிதம் ஒவ்வொருவருக்கும் நாலு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது. பில் வந்தபிறகு நிர்வாகம் வசதியையே நிறுத்திவிட்டது. தவணை, தொகை, திகதி, சங்கத்தின் பெயர், போதும்.

இதையெல்லாம் எப்படிப் பிடிப்பது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த ஒரே வழி, எதை ஏற்றுக்கொள்வோம் என்பதைப் பாவிக்கிறவரின் வாயால் சொல்ல வைத்து, மென்பொருள் எழுதத் தொடங்கும் முன்னமே எழுதிக்கொள்வது. தேவை ஆவணத்தைத் தந்தவர் தலைவர், அவர் நல்ல மனிதர், காசு மேசையில் ஒரு நாளும் இருந்ததில்லை. கொம்பனி அவர் எழுதியதைத்தான் செய்தது, அவர்களைக் கள்ளர் என்று சொல்ல மாட்டேன். இப்போது பிந்தித்தான், ஆனாலும் அக்காவோடு இருந்து எழுதினோம். அவ சொன்னது இப்படி: "பாதிக் காசோட வந்தவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. வாங்கி, மிச்சம் எவ்வளவு எண்டு காட்டி, அவர் தந்த காசுக்குத் துண்டு குடுக்கவேணும். பின்னாலை சனம் நிக்கேக்க ரெண்டு திரை மாறேலாது." நான் அதோடு ஓரங்களைச் சேர்த்தேன்: ஒரு ரூபா குறைவாகத் தந்தால், ஒரு ரூபா கூடத் தந்தால், கடைசித் தவணையில் மீதியைவிடக் கூடத் தந்தால், ஒன்றும் தராமல் வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்டு வந்தால். பெரும்பாலான பிழைகள் இந்த ஓரங்களில்தான் குடியிருக்கும்.

அப்புறம் ஒரு முழு மாதம் சங்கத்தின் கையால் எழுதுகிற பேரேட்டையும் மென்பொருளையும் சேர்த்து ஓட்டினோம். அக்காவுக்கு இரட்டை வேலை, அவ பேசிப் பேசித்தான் செய்தா. மாத முடிவில் வித்தியாசம் வந்த கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். பெரும்பாலும் மென்பொருள் பிழை, மேலே சொன்னவைதான். ஒரு அங்கத்தவரின் கணக்கில் மட்டும் மென்பொருள் சரி, பேரேடு பிழை. யாரோ எப்போதோ பழைய மீதிக்கு வட்டி போட்டு, அது அப்படியே வந்துகொண்டிருக்கிறது, அந்த மனிசன் கூடக் கட்டிக்கொண்டிருக்கிறார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, சொப்ட்வெயாரைப் பேரேட்டுக்கு ஏற்ற மாதிரி மாத்தேலாதோ?" என்று கேட்டார். ஏலாது என்றேன். அவர் கேட்பதும் ஒரு பாவனையாளரின் தேவைதான் என்று கொம்பனிப் பெடியன் என் காதுக்குள் சொன்னான், அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசிக் கொடுப்பனவைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். காசுப் பெட்டி, பாதித் தவணை, தேடல், அடையாள அட்டை, கரண்ட், இந்த ஐந்தும் அக்கா தன் கையால் செய்து பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகு கொடுக்கலாம். மீள்கணிப்புப் பட்டனை எடுத்துவிடச் சொல்லியாயிற்று. இன்னும் ஒருவரிடம் கேட்கவில்லை. வருடத்துக்கு ஒருக்கால் வருகிற கணக்காய்வாளர். அவருக்கு எந்த அறிக்கை, எந்த ஒழுங்கில், எந்தத் திகதிவரை வேண்டும் என்று ஆவணத்தில் ஒரு சொல் இல்லை, கொம்பனி தன் எண்ணத்துக்கு ஏதோ போட்டு வைத்திருக்கிறது. போன வருடம் அவர் கேட்டதை அக்கா கையால் எழுதிக் கொடுத்திருக்கிறா, அதன் பிரதி லாச்சிக்குள் இருக்கிறது. அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அடுத்த கிழமை அதை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.